பையோடு நட்ட ரோசா

மாணிக்கராஜ் மண்வெட்டியை ஓங்கி ஓங்கி வெட்டுவதைப் பார்த்து, "பாவம், மனுசன் துக்கத்த மண்ணுல எறக்குறாரு" என்றார் பக்கத்து வீட்டுப் புஹாரி முதலாளி. போதகரும் தலையை ஆட்டினார்.

இறங்கியது துக்கம் அல்ல. பொறாமை.

றொனி என்ற அந்த வீட்டு நாய் காணாமல் போய் ஒரு கிழமை ஆகிறது. மேலே தேயிலைக்குள் திரியும் சிறுத்தைதான் கொண்டு போயிருக்கும் என்று பதுளையில் அந்தத் தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. புதைக்க உடல் இல்லாததால், நினைவுக்கு ஒரு ரோசாச் செடியாவது நட வேண்டும் என்று பவுலினா பிடிவாதமாக நின்றாள். அவளுக்குக் கணவனாகிப் போனதால் மாணிக்கராஜ் குழி வெட்டினார்.

தோட்டம் நிறையக் கூட்டம். அவர் குடலிறக்க ஆபரேசனுக்குப் படுத்திருந்தபோது பார்க்க வந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் ஏணி இரவல் கேட்க வந்தவர். நாய்க்கு இத்தனை பேரா?

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் காலமெல்லாம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர் அவர். ஓய்வு பெற்றபோது மாலையோடு கொடுத்தார்கள் ஒரு சாய்மனைக் கதிரை. அதில் ஒருநாள் றொனி ஏறிப் படுத்தது. பிறகு இறங்கவே இல்லை. "தூங்குற புள்ளைய எழுப்பாதீங்க. நீங்க அந்த ஸ்டூல்ல ஒக்காருங்க" என்றாள் பவுலினா. கோழிக்கறியில் ஈரல் யார் தட்டுக்குப் போகிறது என்பதையும் ஸ்டூலில் இருந்தபடியே அவர் கவனித்து வந்தார்.

அதனால்தான் வெலிமடைக்கு மரக்கறி ஏற்றப் போன ஜேசனின் லொறியில் றொனியைத் தூக்கிப் போட்டார். "எங்கயாச்சும் தூரமா எறக்கி விட்டுருப்பா. அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது." சிறுத்தைப் பேச்சைத் தெருவில் முதலில் எடுத்துவிட்டவரும் அவர்தான்.

குழி தயாரானது. பூங்கன்று விற்கும் முஹ்ஸினாவிடமிருந்து காலையில் தூக்கி வந்த ரோசாவை, கறுப்புப் பொலித்தீன் பையோடு பவுலினா குழிக்குள் இறக்கினாள்.

"ஏய் பவுலி, பையக் கிழிச்சிட்டு நடு! வேர் எப்புடி எறங்கும்? தவறணையில நாத்துப் போட்டு லட்சம் தேயிலக் கன்னு வளர்த்தவன் பொஞ்சாதி செய்ற வேலையா இது?"

"பரவால்லைங்க. பையோடயே இருக்கட்டும்."

துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தார். நான் செத்தால் இப்படிக் கலங்குவாளா? மாட்டாள். பையைக் கிழித்து ஒழுங்காகத்தான் நடுவாள்.

"நாய்க்குன்னு தனியா ஜெபம் கெடையாது. வருத்தப்படுறவங்களுக்காகச் செய்றேன்" என்று போதகர் சுருக்கமாக முடித்தார்.

"ஏங்க, நீங்களும் ரெண்டு வார்த்த பேசுங்க" என்றாள் பவுலினா.

பேசச் சொன்னால் மாணிக்கராஜ் விடுவாரா? கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். இத்தனை பேர் முன்னால் பேசி எத்தனை காலம்!

"அன்பார்ந்த பெரியோர்களே! றொனி நாயல்ல, என் பிள்ளை! அவன் படுத்த கதிரையில ஒக்காந்தா எனக்கு முள்ளாக் குத்துது. இன்னைக்கு அவன் திரும்பி வரட்டும். ஆண்டவர் சாட்சியா, போதகர் ஐயா சாட்சியாச் சொல்றேன், அந்தக் கதிர காலத்துக்கும் அவனுக்குத்தான்! ஈரலும் அவனுக்குத்தான்!"

கூட்டம் மூக்கை உறிஞ்சியது. தன் பேச்சில் அவருக்கே கண் கலங்கியது. கடைசியில் எல்லோரும் நாயை மறந்து அவரைப் பார்த்தார்கள்.

"கேட்டீங்கதானே ஐயா?" என்று போதகரைக் கேட்டாள் பவுலினா.

"கேட்டேம்மா."

"முதலாளி, நீங்க?"

"கேட்டேன் தங்கச்சி. மனுசன் தங்கம்!"

பவுலினா ரோட்டுப் பக்கம் திரும்பிக் கையை அசைத்தாள். ஹோர்ன் சத்தத்தோடு ஒரு லொறி வாசலில் வந்து நின்றது. கோவா, கரட் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து குதித்த றொனி, போதகரின் கால்களுக்கு இடையே நுழைந்து, புதுச் செடியைத் தாண்டி, நேரே வீட்டுக்குள் ஓடியது. உள்ளே சாய்மனைக் கதிரை 'கிறீச்' என்றது.

மாணிக்கராஜ் ஜேசனை முறைத்தார். ஜேசன் லொறி டயரைப் பார்த்தான்.

"அக்காகிட்ட பொய் சொல்ல வாய் வரல்லைங்க ஐயா. அன்னைக்கே சொல்லிட்டேன்."

பவுலினா மண்வெட்டியை எடுத்து, மறுபடியும் கணவனின் கையில் கொடுத்தாள்.

"பை கிழியாமத் தோண்டுங்க. செடிய முஹ்ஸினாகிட்ட திருப்பிக் குடுக்கணும்."