உத்தரவாதம் முடியும் நாள்

பவுடர் வாசம் முன்னால் வந்தது. பின்னால் இராஜசிங்கம் வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கக்கத்தில் அதே ரேடியோ. இது ஐந்தாவது முறை.

பின்னறையில் ரேடியோ திருத்தும் மேசையில் இருந்த அழகையா திரைச்சீலை இடுக்கால் பார்த்தான். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தான்.

"சத்தம் திரும்பவும் நிண்டிட்டுது தங்கச்சி," என்றான் இராஜசிங்கம்.

"அச்சச்சோ! உக்காருங்கண்ணே, பிளேன்டீ சொல்றேன்," என்று கவுண்டரில் இருந்த சந்திரகாந்தா சிரித்தாள்.

மாத்தளையில் அந்தக் கடைக்கு எத்தனையோ பேர் வருகிறார்கள். வேறு யாருக்கும் அவள் தேநீர் சொன்னதில்லை. அண்ணனாம், தங்கச்சியாம். எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று அழகையா பல்லைக் கடித்தான்.

நுகர்வோர் சட்டம் புதிதாக வந்ததிலிருந்து ஜமால்தீன் முதலாளி ஆடிப்போயிருந்தார். "விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்ற பலகையைத் தானே கழற்றி, அடுப்புக்கு அனுப்பிவிட்டார். எல்லாவற்றுக்கும் ஆறு மாத உத்தரவாத அட்டை கொடுத்தார்.

அதோடு ஒரு புத்தகமும் வைத்தார். அழகையா பழுதைச் சொல்லச் சொல்ல, சந்திரகாந்தா பக்கத்தில் உட்கார்ந்து அதில் எழுத வேண்டும். திருத்திய சாமானை அவள் தன் அலுமாரியில் வைத்து, கடைச் சீல் ஒட்டி, மறுநாள் ஆளிடம் கொடுக்க வேண்டும். மற்ற நேரத்தில் அவள் பின்னறைப் பக்கமே வரக் கூடாது. கல்யாணமாகாத பிள்ளை, ஊர் பேசும் என்பது முதலாளியின் சொந்தச் சட்டம்.

"செக்பொயின்டில வேற மறிச்சுப்போட்டாங்கள்," என்று இராஜசிங்கம் சொல்லிக்கொண்டிருந்தான். "கழட்டிக் காட்டு எண்டாங்கள். உங்கட கடைச் சீலைக் காட்டின பிறகுதான் ரத்தோட்டை பஸ்ஸை விட்டவங்கள்."

"பாத்தீங்களாண்ணே, நம்ம சீலுக்கு இருக்கிற மரியாதைய!"

மறுபடியும் அந்தச் சிரிப்பு. அழகையாவின் சோறு நான்கு மாதமாக அந்தச் சிரிப்பில்தான் இறங்காமல் நின்றது.

ரேடியோவை முதலாளியே உள்ளே கொண்டுவந்தார். அழகையா குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"முதலாளி, இந்தாளு வேணும்னே ஒயரக் கழட்டிக்கிட்டு வாறாரு. முடியாதுன்னு அனுப்பிருங்க."

"என்னத்த பேசுறீங்க மகன்? சட்டம் இப்ப அவங்க பக்கம். ஏலாதுன்னா நான்தான் கோட்டு ஏறணும்." அவர் பின்மூடியை விரலால் தடவிப் பார்த்தார். "சீல் கிழியவே இல்லியே. எப்படிக் கழட்டுவாரு?"

"கொதிதண்ணி ஆவியில காட்டி உரிச்சிருப்பாரு."

"ரேடியோவ வச்சு இடியப்பமா அவிக்கிறாரு? வேலையப் பாருங்க."

இராஜசிங்கம் நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். சந்திரகாந்தா புத்தகத்தோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அழகையா சீலைக் கிழித்து மூடியைத் திறந்தான். அதே பழுது. ஸ்பீக்கருக்குப் போகும் சிவப்பு ஒயர் கழன்று தொங்கியது. முதல் தடவை பஸ் குலுக்கல் என்று நினைத்தான். இரண்டாம் தடவைக்குப் பிறகு அப்படி நினைக்கவில்லை.

"எழுதுங்க. செவப்பு ஒயர். அஞ்சாவது தடவ."

"ம்."

"நல்லா அழகா எழுதுங்க. ஒங்க அண்ணனோட ரேடியோ."

அவள் எழுதினாள். வளையல் மேசை விளிம்பில் தட்டியது. அவன் நிமிரவில்லை. அவள் பக்கத்தில் இருக்கும்போது அவன் ஒருநாளும் நிமிர்ந்ததில்லை.

சட்டைப் பையில் தம்புள்ளைக் கடையிலிருந்து வந்த கடிதம் இருந்தது. திங்கட்கிழமை வேலைக்கு வருவதென்றால் இன்று மாலைக்குள் சொல்ல வேண்டும். காலைவரை அவனால் முடிவெடுக்க முடியவில்லை. பிளேன்டீயைக் கண்டதும் முடிவெடுத்துவிட்டான்.

ஒயரைச் செருகாமல் ஈயத்தை உருக்கி ஊற்றினான். மொத்தமாக ஊற்றினான்.

"இனி ஆன கட்டி இழுத்தாலும் வராது," என்றான். "இன்னையோட வாரண்டியும் முடியுது. ஒங்காளுக்கு இங்க வர வேற சாக்குத் தேடிக்கச் சொல்லுங்க."

"யாரு எங்காளு?"

"எனக்கென்ன தெரியும்? நான் தம்புள்ளைக்குப் போறேன். அங்க ஒரு கடையில வேல கெடச்சிருக்கு."

பேனா நின்றது. "எப்போ?"

"திங்கக்கிழமை."

அவள் புத்தகத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். இராஜசிங்கம் இன்னும் தெருமுனையில்தான் நிற்பான். கூப்பிட்டு இந்த நல்ல செய்தியைச் சொல்லப் போகிறாள் என்று அழகையா நினைத்தான். ஆனால் தெருப்பக்கம் சத்தமில்லை. கவுண்டர் லாச்சி திறந்து மூடும் சத்தம்தான் கேட்டது.

திரும்பி வந்தவள் உட்காரவில்லை. மேசையில் எதையோ வைத்தாள். சிவப்புப் பிடி போட்ட சின்ன ஸ்க்ரூட்ரைவர். நான்கு மாதத்துக்கு முன் காணாமல் போய், அவன் மேசையைக் கவிழ்த்துத் தேடிய அதே ஸ்க்ரூட்ரைவர்.

அழகையா முதல்முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"போகாதீங்க," என்றாள். "நாளைக்கு வேற ரேடியோவோட ஒயரக் கழட்டுறேன்."