ஆறு வோல்ட்

சாந்தன்பாறைக்கு மேலே, ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் இரண்டாம் லயத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் வருஷத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் கஞ்சி குடித்த பிறகு, ஆறு வோல்ட் பிறக்கவிருந்தது.

பிறப்பிக்கவிருந்தவர் யாக்கோபு. எஸ்டேட் ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் அடுப்புக்கு விறகு தள்ளுபவர். அதை அவர் சொல்லிக்கொள்வதில்லை. அவர் வீட்டுக் கதவில் தொங்கிய பலகை ‘ரேடியோ என்ஜினீயர்’ என்றது. கீழே பொடி எழுத்தில் ‘தபால் வழி’ என்றது.

காரியம் செபமாலையம்மாளுடையது. குவைத்தில் இருக்கும் மகன் மிக்கேல்ராஜ், ஊருக்கு வந்த கூட்டாளி கையில் ஒரு டேப்ரிக்கார்டரும், தான் பேசிப் பதிந்த கேசட்டும் கொடுத்தனுப்பியிருந்தான். கூட்டாளி கொச்சியிலிருந்து பூப்பாறை வரை சினிமாப் பாட்டுக் கேட்டபடியே வந்ததில், உள்ளே இருந்த பேட்டரிக் கட்டை நாலும் செத்துப்போயின. மகன் பேசியதைத் தாய் இன்னும் கேட்கவில்லை.

போடிக்குப் போகிற யாரிடமாவது நாலு கட்டை வாங்கிவரச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

யாக்கோபு இந்த யோசனையைக் கேட்டுச் சிரித்தார். கட்டை தீர்ந்துபோகும், விஞ்ஞானம் தீராது என்றார். ஞாயிற்றுக்கிழமை சும்மா நிற்கும் எஸ்டேட் லாரியின் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை இரண்டு பேர் சுமந்து வந்தார்கள். அதை அடக்கி, நாலு கட்டை தருகிற அதே ஆறு வோல்ட்டாக, கூடாமல் குறையாமல் வெளியே விடும் ரெகுலேட்டர் ஒன்றைப் பலகைத் துண்டில் கட்டியிருந்தார். ‘ஆறு வோல்ட்’ என்று அதில் சிவப்புப் பெயிண்டில் முன்கூட்டியே எழுதியும் வைத்திருந்தார்.

லயம் முழுக்க செபமாலையம்மாள் வீட்டு வாசலில் கூடியது. வோல்ட் அளக்கும் மீட்டரைத் தொங்கவிட ஆணி தேடிய என்ஜினீயர், செபமாலையம்மாளின் புருஷன் சூசையப்பனின் போட்டோ மாட்டியிருந்த ஆணியிலேயே, போட்டோவை மறைத்து மாட்டினார். மூன்று மழைக்கு முன்னால், ரோட்டு வேலையில் மண் சரிந்து இறந்துபோன மனிதர். இருந்த ஒரே போட்டோ கல்யாணத்தில் எடுத்தது. மீட்டருக்குப் பின்னால் மாப்பிள்ளை முறைத்துக்கொண்டு நின்றார்.

பொத்தானை அமுக்கினார் யாக்கோபு.

“அ…ம்…மா… நா…ன்…” என்றது பெட்டி, பாறைக்கு அடியிலிருந்து பேசுவதுபோல.

மீட்டரின் ஊசி நாலரையில் நின்றது. பிள்ளைகள் சிரித்தன.

“குவைத்துல எருமை மேய்க்கிறானோ உம் மகன்? அதுதான் பேசுது போல,” என்றார் லாரி டிரைவர் ஏசுரத்தினம். “எஞ்சினீயரே, பொழுது சாயறதுக்குள்ள பேட்டரி வண்டிக்கு வந்திரணும், பாத்துக்கோ.”

செபமாலையம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதைப் பார்த்ததும் யாக்கோபுக்குக் கதவில் தொங்கும் பலகை மறந்துபோனது.

பேட்டரியைச் சோதித்தார். பன்னிரண்டு, குறையில்லை. கம்பியை அடுப்புத் தணலில் காய்ச்சி, ஈயம் வைத்த இடமெல்லாம் மறுபடி பற்றவைத்தார். நாலரை. டிரான்சிஸ்டரை மாற்றினார். நாலரை.

ஒவ்வொரு தடவையும் கேசட்டைப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் பெட்டி அதே இழுவையில் அம்மா என்றது, செபமாலையம்மாளின் தோள் குலுங்கியது.

“இன்னொருக்கா போடு தம்பி,” என்றார் முந்தானைக்குள்ளிருந்து.

அந்தப் பொறுமைதான் யாக்கோபை வதைத்தது. திட்டியிருந்தால் தேவலை.

கடைசியில் ஜீனர் டயோடைக் கழற்றி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெளியே எவ்வளவு போகலாம் என்று அளவு சொல்வது அதுதான். அவர் கேட்டது ஆறே முக்கால் வோல்ட்டுக்கு. போடிக் கடைக்காரர் ஐந்துக்குக் கொடுத்து, எல்லாம் ஒண்ணுதான் என்றிருந்தார். அந்த ஐந்திலும் டிரான்சிஸ்டர் ஒரு கங்காணி மாதிரி, தன் பங்காக அரையைப் பிடித்துக்கொண்டுதான் மீதியை விடும்.

பாகங்களைப் பொருத்துமுன் பார்க்கவும் என்பது தபாலில் வந்த முதல் பாடம். லயத்தில் வேறு யாரும் அதைப் படித்திருக்கவில்லை என்பதால் மானம் தப்பியது.

பழைய ரேடியோ ஒன்றிலிருந்து மூன்று சாதாரண டயோடுகளைப் பிடுங்கி, ஜீனருக்கு அடியில் வரிசையாக முட்டுக்கொடுத்தார். ஒவ்வொன்றும் அரையும் சொச்சமும் தூக்கிவிடும். ஊசி எழுந்து, ஆறைத் தொட்டு, ஒரு மயிரிழை தாண்டி நின்றது.

“அம்மா, நான் மிக்கேலு பேசுறேன். நல்லாருக்கியா? அங்க மழையா?”

லயம் கைதட்டியது. ஏசுரத்தினம்கூடத் தட்டினார். செபமாலையம்மாள் முந்தானையை இறக்கி, கேசட் ஓடி முடிகிறவரை ஒரு வார்த்தை விடாமல் சிரித்த முகமாகக் கேட்டார். யாக்கோபு பாராட்டை வாங்கிக்கொள்ளத் தோதாக எழுந்து நின்றார்.

“நல்லாருக்கு தம்பி. எம் புள்ள குரலேதான்.” கொஞ்சம் தயங்கினார். “முன்ன வந்துச்சே, அதத் திரும்பக் கொண்டுவர முடியுமா?”

“அது தப்புக்கா. வோல்ட் கம்மியாகி இழுத்துச்சு.”

“தப்பாவே இருக்கட்டும்.” மீட்டருக்குப் பின்னாலிருந்த போட்டோவைப் பார்த்தார். “இவரு அப்படித்தான் பேசுவாரு.”

யாரும் சிரிக்கவில்லை. ஏசுரத்தினம் வெளியே சாய்கிற வெயிலைப் பார்த்துவிட்டு, பேட்டரி காலையில் வந்தால் போதும் என்றார்.

யாக்கோபு ஒரு துண்டு வயரை எடுத்து, மூன்று டயோடுகளும் இருந்தும் இல்லாததாகும்படி குறுக்கே வைத்துப் பற்றவைத்தார். மீட்டரை ஆணியிலிருந்து இறக்கினார்.

ரெகுலேட்டர் பலகையில் ‘ஆறு வோல்ட்’ என்று இன்னமும் எழுதியிருக்கிறது. வருவது நாலரை.