ஊமையான பாட்டுப்பெட்டி

டாக்சி ஓட்டும் மரியதாஸ், கதவு ஸ்பீக்கர்களுக்கு இது போதும் என்று மலிவான சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கி சீட்டுக்கு அடியில் பொருத்தினார். வண்டியில் ஏறியவர்கள் எல்லாரும் அதையே புகழ்ந்தார்கள். முன்னால் இருந்த பழைய பாட்டுப்பெட்டிக்கு வயிறு எரிந்தது.

"பாடுறது நான், பேரு உனக்கா?"

"நீங்க பாடுறதைத்தாண்ணே நான் உரக்கச் சொல்றேன்" என்றது ஆம்ப்ளிஃபயர்.

"நான் வாயை மூடினா உன் வண்டவாளம் தெரிஞ்சிடும்!" என்ற பாட்டுப்பெட்டி அன்றே ஊமையாகிவிட்டது.

மரியதாஸ் பதறிப்போய் ஆம்ப்ளிஃபயர் வாங்கிய கடைக்கு வந்தார். கடைக்காரர் தன் போனை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்துப் பார்த்தார். ஸ்பீக்கர்கள் கணீரென்று பாடின.

"ஆம்ப்ளிஃபயர் தங்கமா இருக்கு. பாட்டுப்பெட்டிதான் செத்துப்போச்சு" என்று அதன் வயர்களைப் பிடுங்கினார்.

"ஐயோ, எனக்குப் பாட வரும்!" என்று பாட்டுப்பெட்டி கத்தியது. ஸ்பீக்கர்கள் வரை அந்தச் சத்தம் போகவில்லை.