கேற்றுக்குள் வந்த கருவாடு

"தங்கச்சி, அந்தப் பையைத் திறங்க பாப்பம்."

பூங்காவின் கேற்றில் காவலுக்கு நின்ற கத்தரினா கேட்டதும், அஸ்கா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "புள்ளைட உடுப்பு அக்கா."

"புள்ள எங்க?"

"உம்மாட வீட்டில."

உடுப்பு இங்கே, பிள்ளை அங்கே. நல்ல கதை! கற்பிட்டியில் கருவாடு காயும் மீனவர் வாடியில் பிறந்து வளர்ந்தவள் கத்தரினா. அவள் மூக்கை ஏமாற்ற முடியுமா? உடுப்பை விலக்கினாள். அடியில் வாழையிலையில் கட்டிய சோற்றுப் பார்சல்.

பெருநாளுக்கு மறுநாள் என்பதால் பூங்கா கொள்ளாத சனம். உள்ளே சாப்பாட்டுக் கடைகளை நடத்தும் நௌஃபர் முதலாளி காலையிலேயே கேற்றுக்கு வந்து விரலை நீட்டிவிட்டுப் போயிருந்தார்.

"புரியாணி இரிக்கி, கொத்து இரிக்கி, நூடுல்ஸ் இரிக்கி. பொறகு என்னத்துக்கு வெளிச் சாப்பாடு? இனி ஒரு பார்சல் உள்ளுக்கு வந்திச்செண்டா உங்கட வேல போயிரும்."

கத்தரினாவின் புருஷன் கால் முறிந்து, கடலுக்குப் போகாமல் வீட்டில் கிடக்கிறான். இந்த வேலையும் போனால் அடுப்பில் பூனைதான் தூங்கும்.

"உள்ளுக்கு விட ஏலாது தங்கச்சி."

"அல்லாவுக்காக அக்கா! எங்கட அவர் விடியவே வந்து உள்ளுக்கு நிக்கிறார். வயித்துப் புண். இங்கத்தச் சாப்பாட்டில ஒரு வாய் வச்சாலும் நெஞ்சு எரிஞ்சி துடிச்சிப் போவார். இன்னம் பச்சத் தண்ணியோட நிக்கிறார்."

"வயித்துப் புண்ணுக்குக் கருவாட்டுக் கறியா?"

"வீட்டுக் கறி ஒண்டும் செய்யாது அக்கா."

இதைக் கேட்டால் டாக்டர் மயங்கி விழுவார். ஆனால் அஸ்காவின் கண் கலங்கியிருந்தது. பசி என்றால் என்னவென்று கத்தரினாவுக்கும் தெரியும். மனம் கேட்கவில்லை.

"கொண்டாங்க, என்ட பைக்குள்ள வைங்க. ஒருத்தரும் காணாம ஒளிச்சுத் தின்னச் சொல்லுங்க."

வேறொருத்தியைக் கேற்றில் நிறுத்திவிட்டு, மாதாவைக் கூப்பிட்டபடியே அவள் அஸ்காவின் பின்னால் நடந்தாள். அஸ்கா ராட்டினத்தைத் தாண்டினாள், சறுக்குமரத்தைத் தாண்டினாள், நேரே சாப்பாட்டுக் கடைகளின் பின்பக்கம் திரும்பினாள்.

"ஐயோ, அங்கால வேணாம்! முதலாளி கண்டாரெண்டா என்ட கத முடிஞ்சுது!"

அஸ்கா நிற்கவில்லை. காஸ் சிலிண்டர்களுக்குப் பின்னால் ஒருவர் குந்தியிருந்தார். முதுகுதான் தெரிந்தது. கத்தரினாவின் பையிலிருந்து பார்சலை எடுத்து அஸ்கா நீட்டியதும், பறித்து அவிழ்த்து, இரண்டு கவளம் ஆவலோடு விழுங்கினார். பாவம், எவ்வளவு பசி என்று கத்தரினாவுக்கே இரக்கமாக இருந்தது.

"கேற்றில ஆரும் காணல்லையே?" என்று கேட்டபடி, வாயில் கருவாட்டுத் துண்டோடு திரும்பினார் நௌஃபர் முதலாளி.