ஆழத்து மணல்

"நடுக்கடல்ல சிக்னல் இப்படித்தான் கனி, விட்டு விட்டுத்தான் வரும்," என்றான் செந்தமிழ்செல்வன். காற்று போனில் வந்து மோதிக்கொண்டிருந்தது. எதிரே தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை.

அவன் மனைவி கனிமொழி சிதம்பரம் வீட்டில் இருந்தாள். எண்ணெய்க் கிணறு தோண்டும் கப்பலில் இருபத்தெட்டு நாள், வீட்டில் இருபத்தெட்டு நாள் என்று எட்டு வருடமாக ஓடுகிற குடித்தனம். சாயங்காலம் நாலரைக்கு அவன் கூப்பிடுவான். இந்தத் தடவை அந்தப் பத்து நிமிடத்தை விட்டால் அவனுக்குப் பேச ஆளே இல்லை.

மணல் வந்துவிட்டதா என்று கேட்டாள். கல்யாணமான புதிதில் வாளித் தண்ணீரில் மணலைச் சரித்துக் காட்டியே அவளுக்கு விளக்கியிருக்கிறான். ஆறு கொண்டுவந்து கடலோரம் குவித்த மணல் என்றோ ஒருநாள் பாரம் தாங்காமல் சரியும். கலங்கலாக ஓடிப்போய் ஆழ்கடலில் படியும். கோடி வருடம் போனபின் அந்த மணலின் இடுக்கில்தான் எண்ணெய் தங்கியிருக்கும்.

இந்தக் கிணற்றுக்கு இடம் குறித்தவன் அவன். மூத்த அதிகாரிகள் வேண்டாம் என்றபோது ஒற்றை ஆளாக நின்று வாதாடினான். மணல் இல்லையென்றால் வேலையை விட்டே போய்விடுகிறேன் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டும் வந்திருந்தான்.

ஒரு காக்கை வந்து கம்பியில் உட்கார்ந்து கத்தியது. அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டான். பத்து நாளாக மழுப்பியது இன்றைக்கு முடியவில்லை.

"மணல் இல்ல கனி. சரிஞ்சு வந்ததெல்லாம் வெறும் சேறு. கடலுக்கடியில எடுத்த படத்துல மணலாட்டமே தெரிஞ்சுது, ஏமாந்துட்டேன்."

கிணற்றை மூடப் போகிறார்கள், தனக்கு இன்னும் பத்து நாள் வேலை இருக்கிறது என்றான். மறுமுனையில் சத்தமே இல்லை. போனைப் பார்த்தான். சிக்னல் முழுசாக இருந்தது.

"சாப்டீங்களா மாமா?"

"ம். மெஸ்ஸுல கோழிக்குழம்பு." காலையில் குடித்த டீதான் வயிற்றில் இருந்தது.

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாள் என்று தெரிந்ததும் நாளைக்குக் கூப்பிடுவதாகச் சொல்லி வைக்கப் போனான்.

"வைக்காதீங்க மாமா," என்றாள். "எதிர்வீட்டு அக்கா உங்கள கடலூர் பீச்சுல பாத்தேன்னப்ப நான் நம்பல, இப்ப காக்கா கத்துனதும் கேட்டுச்சு. அங்க பஸ் ஸ்டாண்டுல அஞ்சரைக்கு சிதம்பரம் வண்டி இருக்கு. ஏறி வந்துடுங்க."