அரை அங்குலம்

“இன்னைக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும். ஒண்ணு இந்த வண்டி ஓடணும், இல்ல பழைய இரும்புக்கடைக்குப் போகணும்!”

ஷெட் வாசலில் நின்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போய்விட்டாள். ஓய்வு பெற்ற நூலகர் காரை ஒருமுறை சுற்றி வந்தார்.

அவரைவிட நாலு வயது மூத்த கார் அது. எஞ்சின் தயார், பிரேக் தயார். முன் சக்கரங்களைத் தாங்கிப் பிடிக்கும் சஸ்பென்ஷன் மட்டும்தான் பாக்கி. அதை மாட்டினால் வண்டி ஓடிவிடும். ஓடினால், ஃபிரிட்ஜ் கதவில் அவள் ஒட்டி வைத்திருக்கும் பட்டியலில் உள்ள பதினேழு சொந்தக்காரர் வீட்டுக்கும் அவர்தான் டிரைவர்.

ஓடாதவரை இந்த ஷெட் அவருடைய ராஜ்யம். சக்கரம் வைத்த பலகையில் படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டால் ஒரு தொல்லை கிடையாது. ஓய்வு பெற்ற முதல் மாதம் வீட்டுக்குள் இருந்து, அடுக்களை டப்பாக்களுக்கெல்லாம் எண் ஒட்டி அகர வரிசையில் அடுக்கிக் கொடுத்தார். பிறகு மனைவியின் பெரியப்பா வீட்டில் சும்மா கிடந்த இந்தக் கார் வந்து சேர்ந்தது. அவளுக்கு ஒத்தாசை செய்ய நேரமே இல்லாமல் போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இரண்டு வருஷமாக ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்து வந்தார். பழைய சஸ்பென்ஷனையே புதுப்பிக்கலாம் என்றான் மெக்கானிக். “பழைய வியாதி திரும்பி வரும்ப்பா” என்றார். வேறொரு காரின் முன்பாகத்தை முழுசாக வெட்டி வெல்டு வைக்கலாம் என்றான். “இன்னொருத்தன் காலை ஒட்டவெச்சா நம்ம நடை வருமா?” என்றார்.

இன்று அவன் கொண்டுவந்திருப்பது இந்தக் காருக்கென்றே செய்த புத்தம் புது சாமான். ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருந்தான்.

நூலகருக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது, அதைப் பிடித்திருக்கும் கை ஒரு வளைவில் ஆடும். ஸ்டியரிங்கிலிருந்து வரும் தண்டும் அதே வளைவில் ஆட வேண்டும். இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் தானாகத் திரும்பும். வண்டி குடிகாரன் மாதிரி போகும்.

“அந்தக் கையைக் கொஞ்சம் தூக்கி இறக்கு” என்றார்.

தூக்கினான், இறக்கினான். சக்கரம் மாட்டும் தட்டு மயிரிழைகூடத் திரும்பவில்லை.

“என்ன சார், குத்தம் சொல்ல ஒண்ணும் கிடைக்கலையா?”

“அதுக்கில்ல... கலர்தான்...”

“கறுப்பு சார். வண்டிக்கு அடியில யார் வந்து பார்க்கப் போறா?”

கதை முடிந்தது என்று தோன்றியது. அளந்து பார்த்து மாட்ட வேண்டியதுதான். சேஸிஸின் இரண்டு இரும்புச் சட்டங்களுக்கும் நடுவே இருபத்தேழு அங்குலம் என்று அவரே சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தார். ஆனால், ஆணியில் எப்போதும் தொங்கும் ஸ்டீல் டேப்பைக் காணோம்.

மனைவி விறுவிறுவென்று வந்தாள். “டேப் இல்லன்னு ஒரு சாக்கு சொல்லிடாதீங்க. இந்தாங்க, என் தையல் மெஷின் டேப்பு.”

நுனித் தகரம் போன பழைய டேப். அந்த நுனியைப் புது சாமானின் ஒரு ஓரத்தில் மெக்கானிக் பிடித்துக்கொள்ள, நூலகர் கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபக்கத்து எண்ணைப் பார்த்தார். இருபத்தேழரை! இன்னொரு தடவை வைத்தார்கள். இருபத்தேழரையேதான்.

“அரை அங்குலம் கூட இருக்கே சார். உள்ள நுழையாது.”

“அரை அங்குலம்தானே? ராவித் தள்ளுங்க!” என்றாள் மனைவி.

“ராவினா பலம் போயிடும்க்கா. கோணமும் மாறிடும்.”

“உயிர் விஷயம்மா” என்று நூலகர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். “வேற பார்க்க வேண்டியதுதான். எப்படியும் ஆறு மாசம் ஆகும்.”

“எல்லாம் என் தலையெழுத்து!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டு அவள் போனாள். மெக்கானிக் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே நகர்ந்தான்.

நூலகர் ஓசைப்படாமல் பலகையில் படுத்து, வண்டிக்கு அடியில் சறுக்கினார். சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஆறு மாசம்!

அங்கிருந்து பார்த்தால் வாசலில் கால்கள் மட்டும் தெரியும். மெக்கானிக்கின் பூட்ஸ் திரும்பி வந்தது. அதன் எதிரே, பூனை மாதிரி, மனைவியின் நீலச் செருப்பு வந்து நின்றது.

“டேப்பைக் கொடுங்க தம்பி. நுனியில அரை அங்குலம் வெட்டினது அவர் கண்ணுல படலையே?”

“இல்லக்கா. ஆனா அது அச்சாப் பொருந்துற சாமான். மாட்டிட்டா நீங்களும் அந்தப் பதினேழு வீட்டுக்கும் போய் வரலாமே?”

“யாருக்கு வேணும் அந்தப் பதினேழு வீடு? அது அவரை மிரட்ட ஒட்டினது.”

“அப்போ வண்டி ஓடினா உங்களுக்கு என்னதான்க்கா கஷ்டம்?”

நீலச் செருப்பு ஒரு அடி முன்னால் நகர்ந்தது.

“அவர் மறுபடி வீட்டுக்குள்ள வந்துட்டா, என் டப்பாவையெல்லாம் யார் காப்பாத்துறது?”