கொம்பனுக்குக் களி

நஞ்சம்மாளின் புருஷனை மிதித்துக் கொன்ற கொம்பனை வேட்டைக்கு ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்த வெளிநாட்டுக்காரர் வந்து சுடும்வரை அதைச் சாகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை நஞ்சம்மாளுக்கே கிடைத்தது.

“கிழட்டு ஆனைம்மா. இது ஒண்ணு போனா அந்தக் காசுல இந்தக் காடே பிழைக்கும். உனக்கும் நிம்மதி,” என்றார் ரேஞ்சர்.

அது சரியா தப்பா என்று டி.வி.யில் தினமும் அடித்துக்கொண்டார்கள். அதைக் கேட்க அவளுக்கு ஏது நேரம்? கொம்பனுக்குக் கடைவாய்ப் பல் தேய்ந்துவிட்டது, மூங்கிலை மெல்ல முடியாது. விடிந்ததும் ராகிக் களி கிண்டி, உள்ளே மருந்து வைத்து உருட்டி, ஆறவைத்து, ஓடைக்கரைப் பாறையில் வைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். ஆரம்பத்தில் கொம்பனைத் திட்டிக்கொண்டே கிண்டினாள். வேட்டைக்காரர் இரண்டு முறை பயணத்தைத் தள்ளிப்போட்டார். அதற்குள் திட்டுவதும் அலுத்துவிட்டது.

இன்று ஒருவழியாக வந்துவிட்டார். பாறைக்கு எதிரே, தழை மறைப்புக்குள், ரேஞ்சருக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார். அவர்கள் அவசரப்படுத்தியதில் நஞ்சம்மாள் களியை ஆறவைக்காமலே கொண்டுவந்து வைத்திருந்தாள்.

கொம்பன் வந்தது. உருண்டையைத் தொட்டதும் துதிக்கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

ஒதுங்கி நின்ற நஞ்சம்மாள் திரும்பப் பாறைக்கு வந்தாள். கொம்பனுக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் நின்று, களியைப் பிட்டுப் பிட்டு ஊதத் தொடங்கினாள்.

“நஞ்சம்மா! தள்ளிப் போ!” மறைப்புக்குள்ளிருந்து ரேஞ்சர் பல்லைக் கடித்தார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“களி சுடுதுங்க சார். தின்னு முடிக்கட்டும்.”